லாட்டரித் தாளில் நின்றுபோன மிஷின்கள்

ஆரோக்கியசெல்வம் அண்ணன் பெயரை எடுத்தால் எங்கள் மில்லில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் இரண்டையும் செய்வேன். பதினான்கு வருடமாக ஸ்டோர் ஜன்னல் வழியாக அவருக்கு பேரிங்கும் பெல்ட்டும் எடுத்துக் கொடுத்தவள் நான். என் பெயர் முனீஸ்வரி, ஊர் சின்னமனூர், வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மில் என்றால் நூற்பாலை. சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற ரோட்டை ஒட்டி, தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. நூற்கிற மிஷின் மட்டும் பதினெட்டு. நின்றுபோன மிஷினை மறுபடி ஓட வைப்பது ஃபிட்டர் வேலை. பகல் ஷிப்டுக்கு இரண்டு ஃபிட்டர்கள். ஒருவர் ஆரோக்கியசெல்வம் அண்ணன். உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு மாதா கோயில் ஊர்க்காரர், வயது நாற்பத்தெட்டு, ஐ.டி.ஐ. படிப்பு. இன்னொருவர் காமயகவுண்டன்பட்டி ராக்கையா, அண்ணனுக்கு ஆறு வருடம் இளையவர், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பெல்ட் அறுந்தால் மற்றவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு போவார்கள். அண்ணன் அறுந்ததைக் கொண்டுவந்து என் மேஜை மேல் போட்டு, எந்தப் பக்கம் முதலில் தேய்ந்திருக்கிறது பார் என்பார். கிரீஸ் பிசுக்கு என் ரிஜிஸ்டரில் ஒட்டும். நான் கத்துவேன். அவர் காதில் அது விழவே விழாது. அவர் ஊர்த் திருவிழாவில் சப்பரத்துக்கு சீரியல் லைட் கட்டுவது அவர்தான். வருடா வருடம் எந்த பல்பு முதலில் போகிறது என்று மூன்று வருடம் நோட்டில் குறித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், தெரிந்துகொள்ளத்தான் என்றார். இவரைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டுகிற இன்னாசியம்மாள் அக்காவுக்குத் தனியாகக் கோயில் கட்ட வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

போன ஆடி மாதம் புது ஜி.எம். வந்தார். மோசமான மனிதர் இல்லை. கோபப்பட மாட்டார், எதையும் கணக்குப் போட்டுத்தான் பேசுவார். மிஷின் எப்போது நின்றது, எவ்வளவு நேரத்தில் சரியானது என்று ஃபிட்டர்கள் எழுதி வைக்கிற ரிப்பேர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு ஷிப்டில் சராசரியாகப் பத்து தடவை மிஷின் நிற்கிறது. ஒரு தடவை சரிசெய்ய முப்பத்தாறு நிமிடம். ஆக மொத்தம் ஆறு மணி நேர வேலை. ஷிப்டோ எட்டு மணி நேரம். ஒரே ஃபிட்டருக்கே இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும்போது இரண்டு பேர் எதற்கு என்று கேட்டார். இளையவர் என்பதால் ராக்கையாவை ராஜபாளையம் பக்கம் இருக்கிற நம் கம்பெனியின் இன்னொரு மில்லுக்கு மாற்றலாம், அங்கே தங்க அறை தருவார்கள், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகலாம் என்று முடிவானது.

ராக்கையாவின் மனைவி மொக்கம்மாளுக்குப் போன வருடம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பிள்ளை இல்லை. காலையில் அவளைக் குளிப்பாட்டி, சோறாக்கி, கைக்கு எட்டுகிற தூரத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் டவுன் பஸ் ஏறுவார். சாயங்காலம் போய்த்தான் மறுபடி அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராஜபாளையம் என்றால் மொக்கம்மாளை யார் பார்ப்பது? ராக்கையா என் ஜன்னலுக்கு வந்து ஒரு கிரீஸ் டப்பா கேட்டார். எடுத்து நீட்டினேன். அதை வாங்காமலே போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஆரோக்கியசெல்வம் அண்ணன் வந்து என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜி.எம். கணக்கு சரிதேன் தாயி. ஆறு மணி நேரந்தேன் வருது. ஆனா சராசரியா நிக்கிற மிஷின நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். பத்து மிஷினும் வரிசையில் நின்று, ஒன்று முடிந்ததும் ஒன்று என்று ரிப்பேராகுமா? ஒரு மணி நேரம் எதுவும் நிற்காது. அப்புறம் மூன்று ஒன்றாக நிற்கும். ஒன்றைப் பார்க்கிறபோது மற்ற இரண்டும் சும்மா காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பு எவ்வளவு என்று சராசரி சொல்லாது. அவர் ஜி.எம்.மிடமே போய் இதைக் கேட்டுவிட்டார். ஜி.எம். யோசித்து, நியாயமான கேள்விதான், எண்ணாகக் காட்டுங்கள் என்றாராம். ஒரே ஃபிட்டர் இருந்தால் ஒரு ஷிப்டில் மிஷின்கள் காத்துக் கிடக்கிற நேரம் மொத்தமாக நாலு மணியைத் தாண்டுமானால் ராக்கையா இங்கேயே இருக்கலாம். தாண்டாவிட்டால் போக வேண்டும். இரண்டு வாரம் தவணை கொடுத்திருந்தார்.

அதற்காக ராக்கையாவை இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்து ஒரே ஆளாக ஓட்டிப் பார்க்க முடியாது. வழி சொன்னது ஹேமாவதி. எங்கள் மில் லேபில் நூலின் பலம் சோதிக்கிற பெண், புள்ளியியல் படித்தவள். நிஜ மிஷினை விட்டுவிட்டுத் தாளில் ஓட்டுங்கள் என்றாள். ரிப்பேர் நோட்டில் நூறு ரிப்பேரை எடுத்தால் நாற்பது கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும், முப்பது அரை மணி, இருபது ஒரு மணி, பத்து ஒன்றரை மணி. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒரு ரெண்டு இலக்க எண்ணை எடுக்க வேண்டும். அது 00 முதல் 39-க்குள் வந்தால் கால் மணி ரிப்பேர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 69 வரை அரை மணி, 89 வரை ஒரு மணி, அதற்கு மேல் ஒன்றரை. அடுத்த மிஷின் எத்தனை நிமிடம் கழித்து நிற்கும் என்பதற்கும் இதேபோல இன்னொரு எண். இப்படியே எட்டு மணி நேரத்தைத் தாளில் ஓட்டினால் ஒரு ஷிப்ட். முப்பது ஷிப்ட் ஓட்டினால் உண்மை ஓரளவு தெரியும். கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை என்று அவளே போட்டுத் தர வந்தாள். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். விடை மட்டும் வந்தால் எங்கே நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

எண்ணை மனசிலிருந்து எடுக்கக்கூடாது, மனசு ஒரு பக்கம் சாயும் என்று ஹேமாவதி எச்சரித்திருந்தாள். உடனே இவருக்கு அது நிஜமா என்று பார்க்க வேண்டும். கேண்டீன் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நூறுக்குள் ஒரு நம்பர் சொல்லு என்று கேட்டார். ஏழும், இருபத்தேழும், ஐம்பத்தொன்றும் கொட்டின. நாற்பது பேரில் ஒருவர்கூட எண்பது என்று சொல்லவில்லை. அதில் இரண்டு நாள் போயிற்று. ராக்கையாவின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் எண்பதை யாரும் சொல்லவில்லை என்று சந்தோஷப்படுகிறார். நான் கண்டபடி திட்டினேன்.

மூன்றாம் நாள் கேண்டீனில் பருப்பு வடையை மடித்துக் கொடுத்த பேப்பரைப் பிரித்தவர் வடையை மறந்துவிட்டார். மலையாளப் பேப்பர். எங்கள் பக்கம் கேரள எல்லையிலுள்ள குமுளியிலிருந்து கட்டுக்கட்டாக வரும். அதில் கேரளா லாட்டரி முடிவு. மேலே பெரிய பரிசுகள், கீழே கடைசிப் பரிசுக்கு நூறு நம்பர், எல்லாம் நாலு இலக்கம். நமக்காக ஒரு கவர்மெண்டே குலுக்கிப் போட்டு வைத்திருக்கிறது தாயி என்று என்னிடம் ஓடி வந்தார். வாரா வாரம் குமுளிக்குப் போய்ச் சீட்டு வாங்குகிற பேக்கிங் செக்‌ஷன் வினோத்ராஜிடம் இன்னும் இரண்டு நாளின் முடிவுப் பக்கங்கள் கிடைத்தன. நாலு இலக்கத்தில் முதல் இரண்டு எவ்வளவு நேர ரிப்பேர் என்பதற்கு, கடைசி இரண்டு அடுத்து எப்போது நிற்கும் என்பதற்கு. ஒரு ஷிப்டுக்குப் பத்து நம்பர், ஒரு பக்கத்துக்குப் பத்து ஷிப்ட், மூன்று பக்கத்துக்கு முப்பது.

சாப்பாட்டு நேரத்தில் வேலை நடந்தது. நான் வரிசையாக நம்பரைப் படிப்பேன். ஸ்டோரில் சாமான் கேட்டு எழுதித் தருகிற பழைய இண்டென்ட் சீட்டுகளின் பின்பக்கம் அவர் எழுதுவார். எட்டரைக்கு ஒன்று நின்றது, அரை மணி ரிப்பேர், எட்டே முக்காலுக்கு இன்னொன்று நின்றது, இது கால் மணி காத்திருக்க வேண்டும். இப்படி. முதல் நாள் எனக்குத் தூக்கம் வந்தது. இரண்டாம் நாள், தாளில் நாலு மிஷின் ஒன்றாக நின்றபோது எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. இல்லாத மிஷினைப் பார்த்து, செத்த நேரம் பொறுத்தா என்ன என்று வைதேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சாப்பிடாமலே மணி அடித்துவிட்டது.

முப்பது ஷிப்டும் முடிந்தபோது காத்திருப்பு ஒரு ஷிப்டுக்கு ஐந்தரை மணி நேரம் வந்தது. நாலைத் தாண்டி ஒன்றரை மணி அதிகம். ஜி.எம். தாள்களைப் புரட்டிப் பார்த்தார், நிஜமாகவே அசந்துவிட்டார். ராக்கையாவின் மாற்றலை நிறுத்தச் சொல்லிவிட்டார். மறுநாள் ராக்கையா ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து என் ஜன்னலில் வைத்தார். வீட்டுல கொடுக்கச் சொல்லுச்சு என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இங்கே கதை முடிந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன்.

நாலு நாள் கழித்து அண்ணன் ஒரு மாதிரியாக வந்தார். அந்த முப்பது தாள்களையும் வரிசையாகத் தரையில் பரப்பினார். பார்த்தியா தாயி, தாளில் முதல் நாலு நாள் ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் மெல்ல ஏறுகிறது, பத்தாவது நாள் பிரளயம். அடுத்த பத்திலும் அப்படியே. அதற்கடுத்த பத்திலும் அப்படியே. மிஷினுக்கும் பத்து நாளைக்கு ஒரு கெட்ட நாள் இருக்குமோ என்று அவருக்கு ஒரே பூரிப்பு. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டது போல நிஜ ரிப்பேர் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அதில் அப்படி எதுவும் இல்லை. நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்துதான் கிடந்தன. அப்படியானால் தாளில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் லாட்டரிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு விரலை வைத்து மெதுவாகப் படித்தார். 0127, 0219, 0344, 0391.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாங்கியவர்கள் தங்கள் நம்பரைச் சுலபமாகத் தேட வேண்டும் என்று சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி அச்சடித்திருக்கிறார்கள். குலுக்கல் என்னவோ ஒழுங்கில்லாததுதான், பேப்பரில் வருவது அடுக்கின வரிசை. முதல் இரண்டு இலக்கம் பூஜ்யத்தில் தொடங்கித் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறிக்கொண்டே போகும். சின்ன ரிப்பேர் எல்லாம் முதலில் வந்துவிடும், ஒன்றரை மணி ரிப்பேர் பத்தும் ஒரே நாளில் வந்து விழும். ஐந்தரை மணி நேரம் அப்படி வந்த கணக்கு. நானேதான் அத்தனையையும் வாய்விட்டுப் படித்தேன், முந்நூறு நம்பர். ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

கடைசி இரண்டு இலக்கத்தில் வரிசை இல்லை. ஒரு பக்கத்தின் கடைசி இரண்டை ரிப்பேர் நேரத்துக்கும், வேறொரு பக்கத்தின் கடைசி இரண்டை நிற்கிற நேரத்துக்கும் வைத்து மறுபடி முப்பது ஷிப்ட் போட்டார். நான் படிக்க மாட்டேன் என்றேன். அவரே படித்து அவரே எழுதினார். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் நானே பிடுங்கிப் படித்தேன், வாய்க்குள் மூன்றை நாலாக்கிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் மாற்றிப் படிக்கவில்லை. விடை மூன்று மணி இருபது நிமிடம். நாலுக்குக் கீழே.

ஜி.எம்.மிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டு, யாரும் உங்களைக் கேட்கவில்லை, ஜி.எம்.முக்குத் தெரியவே தெரியாது, நாற்பது நிமிடம் கூடக் குறைய இருந்தால் மில் மூழ்கிவிடாது, அங்கே ஒருத்தி ஒரு பக்கம் விளங்காமல் கிடக்கிறாள், உங்கள் அரிப்புக்கு அவள்தானா கிடைத்தாள் என்று மூச்சு விடாமல் கேட்டேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மூன்று நாள் ஜன்னல் பக்கமே வரவில்லை. பேரிங் வேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்பினார். மூன்று நாளும் அவர் சாப்பிடவில்லை என்று கேண்டீன்காரர் சொன்னார். நான் அதற்கும் இரங்கவில்லை. நேராக ராக்கையாவிடம் போய், உன் குடியைக் கெடுக்கப் போகிறார், தடுத்து நிறுத்து என்று சொல்லிவிட்டேன்.

ராக்கையா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏண்ணே, நெசமாவே சொல்லப் போறீகளா?"

"கணக்கு தப்புன்னு தெரிஞ்சுபோச்சு ராக்கையா. தெரியாத மாதிரி என்னால இருக்க முடியல. மூணு நாளா இருந்து பாத்துட்டேன்."

ராக்கையா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சரிண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு ஏழாம் நம்பர் மிஷினுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது.

ஜி.எம். அறைக்கு அண்ணன் என்னையும் வரச் சொன்னார், நம்பர் படித்த சாட்சி நான்தானாம். ஜி.எம். இரண்டு கட்டுத் தாளையும் பொறுமையாகப் பார்த்தார், லாட்டரிப் பக்கத்தையும் பார்த்தார், கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படியானால் ஒரு ஆள் போதும் என்றுதானே ஆகிறது, நாம் பேசியபடிதான் செய்ய வேண்டும் என்றார்.

"ஒராளு போதும் சார், ஒத்துக்கிறேன். ஆனா இருக்கப்போற ஒராளு நாந்தேன்னு இந்தத் தாள்ல எங்கனயும் இல்லையே."

ஜி.எம்.முக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. சீனியர் நீங்கள், சொந்த ஊர் பக்கத்தில் இருக்கிறது, எதற்கு நீங்கள் போக வேண்டும் என்று ஜி.எம். கேட்டார். மொக்கம்மாளைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜபாளையம் மில்லில் நூல் நிறைந்த பாபினைத் தானே எடுத்து மாற்றுகிற புது மிஷின் வந்திருக்கிறதாமே, அது எப்படி நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அது பொய்யில்லை. உண்மையிலேயே அவர் முகத்தில் அந்த ஆசை இருந்தது. வாய்விட்டு அழ முடியாதபடி அந்த மனிதர் என்னைக் கெடுத்து வைத்திருந்தார்.

மறுநாள் இன்னாசியம்மாள் அக்கா மில் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். அவரைத் திட்டித் தீர்த்தாயிற்று போல, என்னைத் திட்ட வந்திருந்தார்கள். அவருதேன் கிறுக்கு, உனக்கு நம்பர் படிக்க வேற ஆளு கெடைக்கலையா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, ராஜபாளையத்தில் வெயில் எப்படி, தண்ணீர் உப்பா என்று விசாரித்தார்கள். ஆவணி ஒன்றாம் தேதி அண்ணன் ஒரு பையும் ஒரு டூல் பெட்டியுமாக பஸ் ஏறினார். ராக்கையா பஸ் ஸ்டாப் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது பகல் ஷிப்டுக்கு ராக்கையா ஒருவர்தான். இரண்டு மிஷின் ஒன்றாக நின்றால் ஒன்று காத்துத்தான் கிடக்கிறது. எவ்வளவு நேரம் என்று நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. அவருடைய தொத்துவியாதி எனக்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆனதும் கூட்டி வகுத்துப் பார்த்தேன். மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வடை மடித்த பேப்பரை வைத்து அந்த ஆள் எங்கள் மில்லை அப்படியே தாளில் இறக்கியிருக்கிறார்.

உடனே போன் போட்டேன். எடுத்ததும் புது மிஷின் எப்படி எப்படி நிற்கிறது என்று கால் மணி நேரம் சொன்னார். சோறு சரியில்லை, அறையில் நாலு பேர், மூட்டைப்பூச்சி என்பதையெல்லாம் நான் குடைந்து கேட்ட பிறகுதான் சொன்னார். அப்புறம் நான் என் கணக்கைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"மூணு இருவதுதான வரணும். அந்த அஞ்சு நிமிசம் எங்கன போச்சு தாயி?"

இருக்கிற கோபத்தையெல்லாம் கொட்டலாம் போல இருந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டோர் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேனே. பன்னிரண்டு மணிக்கு எந்த மிஷின் நின்றாலும் ராக்கையா அப்படியே விட்டுவிட்டு, சத்தம் கேட்காத தண்ணித்தொட்டிப் பக்கம் போய், மொக்கம்மாளுக்குப் போன் போட்டு மாத்திரை போட்டாளா, ஒரு வாய் சாப்பிட்டாளா என்று கேட்பார். அவளுக்கு வாய் குழறும், பதில் வர நேரமாகும். வருகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன்.

"அத மட்டும் நோட்டுல எழுதாத தாயி" என்றார்.